2000 ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாடு என்ன?

தாமிரபரணிக்கரை:
2016 நவம்பர், பழைய 500, 1000 செல்லாது என்று அறிவிப்பு வந்த அதே வாரம். கால் கடுக்க நின்று வாங்கிய புது 2000, சட்டைப் பையில் அது ஒன்றுதான். நெல்லையில் மதுரை பஸ் ஏறிவிட்டேன். கண்டக்டரிடம் நீட்டியதும் அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். அரசு பஸ்ஸில் பழைய 500 வாங்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள் இல்லையா, ஏறினவர்கள் எல்லாரும் அதையே கொடுத்துத் தள்ளியிருந்தார்கள். பையைத் திறந்து காட்டினார், முழுக்கப் பழசு. "மூணு பழைய ஐநூறு தாரேன், மிச்சம் சில்லறை. வாங்கிக்கிடுதீயளா?"

அதை மாற்றத்தானே ஐயா நான் வரிசையில் நின்றேன்! மாட்டேன் என்றதும் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வழக்கமாக அஞ்சு, பத்து என்று எழுதுவார்கள். எனக்கு நாலு இலக்கத் தொகை, அந்தத் துண்டுத் தாளில். கோவில்பட்டி தாண்டுவதற்குள் விரல் வியர்வையில் நீல மை கலங்கி, நடுவில் இருந்தது ஒன்பதா எட்டா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கமாவது ஒன்றாவது. விருதுநகரில் ஏறிய கூட்டத்திடம் நூறு நூறாகத் தேற்றி மாட்டுத்தாவணிக்கு முன்னால் கொடுத்துவிட்டார், நல்ல மனிதர். ஆனாலும் அந்த மை கலங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வேளச்சேரி அக்கா:
எனக்கு வர்தா புயல். அதே வருஷம் டிசம்பர் 12. அந்த வாரந்தான் குடி வந்திருந்தோம், தெருவில் ஒருத்தரையும் தெரியாது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, கார்டு தேய்க்கும் மிஷின் செத்துக் கிடக்கிறது. ஏடிஎம்மைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீட்டில் இருந்த பணம் ஒரே ஒரு 2000. மரம் விழுந்த தெருவில் தாண்டித் தாண்டி அண்ணாச்சி கடைக்குப் போய், பால் பவுடர், மெழுகுவத்தி, பிரெட் கேட்டுவிட்டுத் தாளை நீட்டினேன். "இத வெச்சிக்கிட்டு நான் என்னம்மா பண்ண? கல்லால மொத்தமே முந்நூறு ரூவா கிடக்கு" என்றார். திரும்ப நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். பிஸ்கட் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் "புது வீடு, பச்சை கேட்டு" என்று எழுதி, பக்கத்தில் தொகை போட்டு, ஆணியில் மாட்டினார். என் பேரைக்கூடக் கேட்கவில்லை. அந்த ஆணியில் ஏற்கெனவே ஏழெட்டு அட்டைகள் தொங்கின. கையில் 2000 வைத்துக்கொண்டு கடன் வாங்கியது அந்த ஒரு நாள்தான்.

கவுன்ட்டர்_பக்கம்:
தாமிரபரணி ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏறும்போதே சில்லறை தேற்றிக்கொண்டு ஏறியிருக்கலாம். கண்டக்டர் என்ன ரிசர்வ் வங்கியா? அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு கிளையில் காசாளர், எங்களுக்கே நூறு கிடைக்கவில்லை. மக்கள் எங்களைத்தான் திட்டினார்கள். 2000 தாள் 166க்கு 66 மில்லிமீட்டர், பழைய 1000, 500 எல்லாம் 73 மில்லிமீட்டர் அகலம். அதனால் ஒவ்வொரு ஏடிஎம்மையும் ஆள் போய்த் திறந்து புது அளவுக்கு மாற்றினால்தான் தாள் வெளியே வரும். அதுவரை நூறு மட்டும் வைத்தோம், மதியத்துக்குள் காலி. புது 500 பிந்தி வந்தது. 1000 வரவே இல்லை. நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் ஒன்றுமில்லை என்றால் யார்தான் மீதி கொடுப்பார்கள்?

என் கதை சின்னது. தாள் மாற்ற வருகிறவர்களுக்கு விரலில் மை வைக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரில் 19ஆம் தேதி இடைத்தேர்தல் வேறு. அதனால் ஓட்டுக்கு இடது கை, நோட்டுக்கு வலது கை. ஒரு பாட்டி வலது ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு, மை காயும்வரை காத்திருந்து, மெதுவாக என்னைக் கேட்டது: "எந்தச் சின்னத்துல தம்பி போட்டிய?"

தாமிரபரணிக்கரை:
கவுன்ட்டர் சார், சில்லறை தேற்றிக்கொண்டு ஏறு என்றால் எங்கே தேற்றுவது? அந்த 2000ஐக் கொடுத்ததே உங்கள் ஆட்கள்தான். நூறாகக் கேட்டதற்கு "இருந்தா தர மாட்டோமா" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு முறைப்பு.

சிக்கன_சிவம்:
எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஒரு தடவை பழக்கடையில் வாங்க மறுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் சில விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய தாளை வீட்டில் வைக்காதீர்கள், எப்போதும் நூறும் இருநூறுமாகக் கலந்து வையுங்கள். பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டினால் பான் எண் கேட்பார்கள், கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, 2017 ஏப்ரலிலிருந்து சட்டம். இடம் விற்கிறவர்கள் முக்கியமாகக் கவனிக்கவும். கிழிந்த தாளை ஒட்டுப் போடாமல் அப்படியே வங்கிக்குக் கொண்டுபோங்கள், எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதைப் பார்த்துப் பணம் தருவார்கள். அப்புறம், 2000 தாளில் சாயம் போகிறது என்று பயந்தார்களே, தேய்த்தால் கொஞ்சம் சாயம் வருவதுதான் நல்ல தாள் என்று அப்போது பொருளாதார விவகாரத் துறைச் செயலரே சொன்னார். சிப் இருக்கிறது என்றதெல்லாம் சுத்தப் புளுகு. தாளை எட்டாக மடிக்கவும் கூடாது, மடிப்பில் தாள் நைந்துவிடும்.

வேளச்சேரி அக்கா:
சிவம் சார், நான் புயலில் பால் பவுடர் வாங்கப் போன கதை சொன்னேன். இடம் விற்கப் போகவில்லை.

தகடூர் மைந்தன்:
நான் 2023 ஆள். மே 19ஆம் தேதி 2000 தாளைத் திரும்பப் பெறுகிறோம் என்றார்கள், செப்டம்பர் வரை கெடு, பிறகு அக்டோபர் 7 வரை நீட்டித்தார்கள். "வீட்டில் ஏதாவது இருக்கிறதா" என்று அம்மாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். இல்லவே இல்லை என்று சாதித்தார். தீபாவளிக்குப் பரண் துடைக்கும்போது துவரம்பருப்பு டப்பாவின் அடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு விழுந்தது. சிறுவாட்டுப் பணம். எல்லாம் 2000. மேல் தாளில் காந்தி நெற்றியில் குங்குமம்!

அம்மா அசரவில்லை. "செல்லும்னு டிவியில சொல்றாங்க. கடைக்காரன் வாங்க மாட்டேங்கிறான், பேங்க்லயும் வாங்க மாட்டேங்கிறான். அப்ப செல்லுமா, செல்லாதா?" நானும் ரொம்ப நேரம் யோசித்தேன், பதில் வரவில்லை. சட்டப்படி செல்லும்தான். ஆனால் கெடு முடிந்தபின் வாங்கிக்கொள்ள நாட்டிலேயே ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்கள்தான், நமக்குச் சென்னை ராஜாஜி சாலை. தர்மபுரியிலிருந்து அதற்காக எங்கே போவது? விண்ணப்பம், ஆதார் நகல், கணக்கு விவரம் எல்லாம் வைத்து இன்ஷூர் செய்து தபாலில் அனுப்பினோம். உறையை ஒட்டும் முன் அம்மா குங்குமத்தை முந்தானையால் துடைக்கப் பார்த்தார். துடைக்கத் துடைக்கப் பரவி அந்த ஊதாவும் சிவப்பும் ஒன்றாகிவிட்டன. பணம் கணக்கில் ஏறியது. என் கணக்கில் இல்லை, அவர் கணக்கில். அதில் கறாராக இருந்தார்.

சிக்கன_சிவம்:
பருப்பு டப்பாவில் வைத்தால் பூச்சி அரிக்கும். லாக்கர் எடுப்பது நல்லது.

மணிமுத்தாறு:
என்னிடம் ஒரு தாள் பத்திரமாக இருக்கிறது, பின்பக்கத்து மங்கள்யான் விண்கலப் படத்துக்காகப் பையன் எடுத்து வைத்தது. இப்போதும் மாற்ற முடியுமா?

தகடூர் மைந்தன்:
தபாலில் அனுப்பினால் நடக்கும். ஒரே தாளுக்கு இன்ஷூர், நகல், அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பையனிடமே இருக்கட்டும்.