மறு: பட்டினாவுக்கு ஒரு சொல்: பழந்துரு வேண்டாம், முதிர்மேனி எப்படி?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

பழைய கோடரியைச் சீர்செய்யும் கையேட்டின் முதல் வரைவை எழுதியவன் நான்தான். அதில் எங்கும் 'துருவை நீக்குக' என்றே எழுதிவைத்திருந்தேன். அந்த ஒரு வரி எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை என் கையாலேயே கண்டபிறகுதான், உலோகத்தின் புறத்தில் உண்டாகி அதைக் காக்கும் படலமான பட்டினாவுக்கு (patina) ஒரு தமிழ்ச் சொல் தேடி இந்த இழையைத் தொடங்கினேன்.

எனக்குக் கிடைத்த முதல் கோடரித் தலையில் மேலே செம்பழுப்புப் பொடி, அதன் அடியில் கரும்பழுப்பாக இறுகிப்போன ஒரு படலம். இரண்டையும் துரு என்றே நினைத்தேன். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் பூட்டி, இரும்பு வெள்ளையாகப் பளிச்சிடும்வரை தேய்த்தேன். தலையின் பக்கப் பரப்பான கன்னத்தில் இருந்த, செய்தவரின் முத்திரையில் நான்கைந்து எழுத்துகள் அதோடு போயின. எஞ்சிய கீறல்களை வைத்துக்கொண்டு அது யார் செய்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கரிய படலத்தை விட்டிருந்தால், பள்ளமான எழுத்துகளில் கருமை தங்கி, மேடான பரப்பு சற்று வெளிறி, முத்திரை தானாகவே படிக்கும்படி எழுந்து நின்றிருக்கும்.

பழைய கோடரிக்கு முத்திரைதான் பிறப்புச் சான்று. கிரீடத்திலிருந்து எழும் கை சுத்தியலைப் பிடித்திருக்கும் குறியும் 'லெஜிட்டிமஸ்' என்ற சொல்லும் தெரிந்தால் அது காலின்ஸ் கோடரி. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1826இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1966இல் மூடப்பட்டது. ஆக, கோடரியின் வயதுக்குத் தோராயமாக ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது. ஆழம் குறைந்த குறிகளை நம்பித்தான் இந்த வேலை முழுவதும் நடக்கிறது.

இனி, வந்த பரிந்துரைகள்.

> பழந்துரு என்றே வைத்துவிடலாம். யாருக்கும் விளங்கும்.

விளங்கும் என்பதுதான் என் அச்சமே. துரு என்று காதில் விழுந்ததும் கை உப்புத்தாளைத் தேடும். தமிழில் துரு ஏறும், அரிக்கும், தின்னும். எல்லாமே பகைவனின் வேலை. செந்துரு அப்படிப்பட்டதுதான்: நீரேறிய இரும்பு ஆக்சைடு, பொருக்குப் பொருக்காக உதிரும், ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். கரிய படலம் வேறு. அதில் பெரும்பகுதி மேக்னடைட் என்ற கரிய இரும்பு ஆக்சைடு. இரும்போடு ஒட்டிக்கிடக்கும், உதிராது. மேலே மெல்ல எண்ணெய் தடவிவைத்தால் அடுத்த துருவை நன்றாகவே தடுக்கும். காப்பதற்கும் தின்பதற்கும் ஒரே பெயர் வைப்பது சரியல்ல.

> செம்பில் ஏறுவதற்குக் களிம்பு என்ற சொல் இருக்கிறதே, அதையே பொதுவாக்கினால்?

நல்ல சொல்தான், செம்புக்கு மட்டும். ஆனால் செம்பில் களிம்புபோல என்று சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை சொல்கிறது. களைய வேண்டிய அழுக்கு என்ற பொருள் அந்தச் சொல்லில் ஆழமாக ஊறிவிட்டது. இன்றைய வழக்கிலோ களிம்பு என்றால் புண்ணுக்குப் போடும் மருந்து.

> மூப்புநிறம், தொன்மைப்படலம் – இவற்றில் ஒன்று?

இரண்டும் அகவையைப் பிடித்துக்கொள்கின்றன. இதில் அகவை கட்டாயமில்லை. செந்துரு மெல்லிதாகப் படிந்த கோடரித் தலையைக் கொதிநீரில் அரைமணி நேரம் போட்டுவையுங்கள், செம்மை கண்முன்னே கருமையாக மாறும். கொதிநீரின் சூடு எஃகின் பதத்தை, அதாவது அதற்கு ஏற்றிய கடினத்தை, ஒன்றும் செய்யாது, அதற்கு அதைவிட இருமடங்குக்கு மேல் சூடு வேண்டும். அப்படி வந்த படலமும் பட்டினாதான், வயது அரைமணி. தொன்மை என்று அதை எப்படி அழைப்பது?

என் பரிந்துரை: முதிர்மேனி.

காய் முதிரும், கதிர் முதிரும், மரம் முதிர்ந்து வைரம் பாயும். ஆண்டுக்கணக்கை விட ஒரு நிலையை எட்டுவதே முதிர்வில் முதன்மை, அதை விரைவுபடுத்தவும் முடியும். மேனியோ வெளியிலிருந்து பூசியது அன்று, உடம்பின் சொந்தப் புறம். இரும்பே மாறி அந்தப் படலமாகிறது என்ற உண்மை இதில் அடங்குகிறது, பூச்சு என்ற சொல்லில் அடங்காது. மேனி கவிதைச் சொல், வேதியியலுக்கு ஒவ்வாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வேலியோரம் முளைக்கும் குப்பைமேனியில் இருப்பதும் அதே மேனிதானே. நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமும் என்னும்போது நாம் சொல்வதும் இப்படி மாறிவரும் புறத்தைத்தான். 'கோடரிக்கு முதிர்மேனி கட்டியிருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை.

கிளை இழையில் வந்த உறுப்புப் பெயர்களையும் தொட்டுவிடுகிறேன். காம்பு நுழையும் துளைக்குக் 'கண்' வேண்டாம். ஆங்கிலத்தில் ஊசிக்குக் கண், தமிழில் ஊசிக்குக் காது. கோடரிக்கும் காது என்றே வைப்போம். வெட்டும் விளிம்புக்கு 'வாய்' போதும், புதிதாக ஆக்க வேண்டியதில்லை. 'கருங்கைக் கொல்லன் அரஞ்செய் அவ்வாய் நெடுங்கை நவியம்' என்று புறநானூற்றின் 36ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் பாடியிருக்கிறார். கொல்லன் அரத்தால் தீட்டிய வாய், நீண்ட கைப்பிடி, நவியம் என்ற கோடரி. சாணை இயந்திரத்தில் வைத்து வாயைச் சூடேற்றி நீலம் பாரிக்கவிட்டுப் பதத்தைக் கெடுப்பவர்களுக்கு இந்த ஓரடியைக் காட்ட வேண்டும், அரம்தான் அன்றும் இன்றும் கோடரிக்கு ஏற்ற கருவி. பின்புறத் தட்டைக்குப் 'பிடரி' என்று வந்த பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆப்பு ஆப்பாகவே இருக்கட்டும்.

வினிகரில் ஊறப்போட்டால் தோய்ச்சல் கண்ட, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய, வாய்ப்பகுதி கறுத்து, மென்மையான உடற்பகுதி வெளிறி, நடுவே ஒரு வரை தெரியும். அதற்குத் 'தோய்ச்சல் வரை' என்று எழுதியிருக்கிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

கையேட்டின் அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"செந்துருவை மட்டும் மண்ணெண்ணெய் தொட்ட இரும்புப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தெடுக்கவும். பஞ்சில் செம்பழுப்பு வருவது நின்றதும் கையை நிறுத்தவும். அடியில் உள்ள முதிர்மேனியைத் தொட வேண்டாம்."

ஒரு சிக்கல் எனக்கு இன்னும் தீரவில்லை. துத்தநாகத் தகட்டில் படியும் மங்கிய சாம்பல் படலமும் தகட்டைக் காப்பதுதான். முதிர்மேனியை அதற்கும் நீட்டலாமா, இரும்பு, செம்பு, வெண்கலத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா? உலோகவியல் படித்தவர்கள் எழுதினால் அதற்கேற்ப வரையறையைத் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
கையேட்டு வரைவாளன்