கமராவில் ஆள் தெரிகிறான், பொலிஸில் அசைவில்லை: அடுத்து என்ன செய்யலாம்?

கொழுந்துக்கூடை:

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் – நுவரெலியா பாதையிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு 7 பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை பெரியப்பாவின் கருமாதிக்காக வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் பண்டாரவளை போயிருந்தோம். புதன் காலையில் வந்து பார்த்தால் பின்கதவின் கொண்டி பிடுங்கிக் கிடக்கிறது. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி, சீட்டுக்காசு 38,000 ரூபா, தங்கச்சியின் ஃபோன், காஸ் சிலிண்டர் எல்லாம் போய்விட்டது. அந்தச் சங்கிலி அம்மா கொழுந்து பறித்த காசில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டைச் சுற்றி நாலு கமரா இருக்கிறது. இரவு 2.17க்கு இரண்டு பேர் பின்பக்கம் வருவது பதிவாகியிருக்கிறது. ஒருவன் தொப்பி போட்டிருக்கிறான். மற்றவனின் முகம் பாதி தெரிகிறது, வெள்ளை ஜாக்கெட், முதுகில் பை. பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள், ஆனால் சிங்களத்தில். வாசித்துக் காட்டவில்லை, பதற்றத்தில் நானும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். இன்றோடு நாலு நாள். வீட்டுக்கு யாரும் வந்து பார்க்கவில்லை. கேட்டால் "தேடுகிறோம்" என்கிறார்கள். இதே மாதத்தில் எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீடு உடைத்திருக்கிறார்கள்.

ஆள் கண்ணுக்கு முன்னால் தெரியும்போது வேறு என்னதான் வேண்டும்? நான் எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கமராக்காரன்:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் டிவிஆரில் (கமராப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி) எத்தனை டெராபைட் டிஸ்க் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறும், அழிந்தது திரும்ப வராது. 2 மெகாபிக்சல் கமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளுக்கு 43 ஜிபி. நாலு கமராவுக்கு 170 ஜிபிக்கு மேல். 1 டெராபைட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது.

பென் ட்ரைவ் கையில் இல்லாவிட்டால் டிவிஆரை இப்போதே நிறுத்திவிடுங்கள், புதிதாக எதுவும் ஏறாது. கிடைத்ததும் போட்டு, திருடர்கள் வருவதற்கு அரை மணி முன்னாலிருந்து போன பிறகு அரை மணி வரை, நாலு கமராவின் பதிவையும் எடுங்கள். வெட்டவோ பெயர் மாற்றவோ வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வட்ஸ்அப்பில் போனது சுருங்கிப்போன வீடியோ. அதில் முகத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பொலிஸ் கையில் இருப்பது அதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

எடுக்கும்போது இன்னும் இரண்டு விஷயம். கரண்ட் போய்ப் போய் வரும் இடங்களில் டிவிஆர் மணிக்கூடு தப்பாகிவிடும். உங்கள் ஃபோனில் நேரத்தைக் காட்டி, டிவிஆர் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் தெரிய ஒரு படம் எடுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அடுத்தது, இரவில் கமரா அகச்சிவப்பு ஒளியில் பார்க்கிறது. கறுப்பு நைலோன் ஜாக்கெட்கூட அதில் வெள்ளையாகத் தெரியும். நிறத்தை நம்பி எதுவும் சொல்ல வேண்டாம்.

அப்புறம் திங்கள், செவ்வாய் பகல் பதிவையும் பாருங்கள். வீடு உடைக்கிறவன் பெரும்பாலும் முன்னாலேயே ஒரு தடவை வந்து நோட்டம் பார்ப்பான். பகல் வெளிச்சத்தில் நிறமும் முகமும் தெளிவாக இருக்கும்.

மேல்கணக்குத் தம்பி:

அக்கா, பேசாமல் முகத்தை ஃபேஸ்புக்கில் போடுங்கள். ஒரே நாளில் ஊரே கண்டுபிடித்துத் தரும். பொலிஸ் ஒன்றும் செய்யாது.

பழைய கிளார்க்:

தம்பி, தயவு செய்து அந்த யோசனை வேண்டாம். நான் தோட்ட ஆபீஸில் வேலை செய்த காலத்தில் இப்படித்தான் ஒரு மங்கலான படம் ஃபோனுக்கு ஃபோன் சுற்றியது. கீழ்க்கணக்குப் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவு) பையன் ஒருவனை "இவன்தான்" என்று பிடித்து, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் முன்னால் அடித்தார்கள். உண்மையான ஆள் வேறு என்று பிறகு தெரியவந்தது. அந்தப் பையன் அதற்குள் ஊரை விட்டே போய்விட்டான். அவன் அம்மா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை. பாதி முகத்தை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்த்துவிடக் கூடாது. அதோடு, படம் வெளியே வந்த அன்றே திருடன் சங்கிலியை உருக்கிவிடுவான்.

ஊவா மகள்:

அக்கா, நான் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். உங்கள் விஷயத்தில் கமராவைவிட முறைப்பாட்டில்தான் ஓட்டை இருப்பதாக எனக்குப் படுகிறது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, வாயால் சொல்லும் முறைப்பாட்டை நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். தமிழில் எழுதித் தருவது பொலிஸ் செய்யும் உதவி இல்லை, உங்கள் உரிமை. ஆகவே மேலதிக வாக்குமூலம் ஒன்று தமிழில் எழுதிக் கொண்டுபோங்கள். சங்கிலியின் எடை, கொக்கியின் வடிவம், யாராவது அதைப் போட்டிருக்கும் கல்யாணப் படம், வாங்கிய பற்றுச்சீட்டு, ஃபோனின் ஐஎம்இஐ இலக்கம் (ஒவ்வொரு ஃபோனுக்கும் உரிய தனி அடையாள எண்) எல்லாம் அதில் இருக்கட்டும். "நகை, ஃபோன் களவு" என்று மட்டும் எழுதியிருந்தால் அடகுக்கடையில் போய் எதைத் தேடுவார்கள்?

ஐஎம்இஐ 15 இலக்கம், ஃபோன் பெட்டியில் ஒட்டியிருக்கும். களவுபோன ஃபோன்களுக்காகப் பொலிஸின் ஐ-நீட் இணையத்தளம் இருக்கிறது. முறைப்பாட்டுப் பிரதியோடு அதிலும் பதியுங்கள்.

முறைப்பாடு எந்தப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்றும் கேளுங்கள். குற்றத் தகவல் புத்தகமா, சிறு குற்றப் புத்தகமா? வீடு உடைத்துக் களவெடுப்பது சிறு குற்றம் இல்லை. பக்கமும் பந்தி இலக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லும் தொனியே வேறாக இருக்கும்.

விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பாதிக்கப்பட்டவரின் உரிமை. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. நிலையத்தில் பதில் இல்லையென்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்கு ஒப்பம் எடுங்கள். அதற்கும் மேலே தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் முதல் நாளே அங்கே ஓட வேண்டாம். முறைப்பாடு முழுமையாக இருந்தால்தான் மேலிடத்திலும் கேட்க முடியும். மூன்று வீட்டாரும் சேர்ந்து போவது நல்லது. தனித்தனியாக மூன்று களவாகக் கிடப்பது, அப்போதுதான் ஒரே கூட்டத்தின் வேலையாகத் தெரியும்.

கொழுந்துக்கூடை:

கமராக்காரன் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 1 டெராபைட் டிஸ்க்தான். உடனே நிறுத்திவிட்டேன். திங்கள் காலைப் பதிவு ஏற்கெனவே அழிந்திருந்தது, பிற்பகல் மட்டும் தப்பியது.

அதில் 4 மணிக்குப் பீலிக்கரைப் (தண்ணீர் பிடிக்கும் இடம்) பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இலக்கத்தகட்டின் கடைசி இரண்டு இலக்கம் தெரிகிறது. இறங்கி எங்கள் வீட்டைப் பார்க்கிறவன் முதுகில் அதே பை, ஒரு பட்டி அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது. ஜாக்கெட் கரும்பச்சை. நான் பொலிஸில் வெள்ளை என்று சொல்லியிருந்தேன்.

டிவிஆர் மணிக்கூடு 48 நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது. உண்மையில் அவர்கள் வந்தது 1.29க்கு. பக்கத்து வீட்டு ஆச்சி ஒன்றரை மணிபோல நாய் குரைத்தது, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது என்று முதல் நாளே சொன்னார். நேரம் பொருந்தவில்லை என்று நாங்கள்தான் அதைக் கணக்கிலெடுக்கவில்லை.

ஒரு சந்தேகம். பின்பக்கக் கமராவில் பாதி நேரம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. பழுதா?

கமராக்காரன்:

பழுது இல்லை, பனிமூட்டம். கமராவின் விளக்கு பக்கத்திலுள்ள பனியில் பட்டு அப்படியே திரும்பி வருகிறது. அந்த விளக்கை அணைத்துவிட்டு, ஆறேழு அடி தள்ளி வேறு கோணத்தில் ஒரு தனி விளக்கு போடுங்கள். கூரையடியில் இருக்கும் கமராக்களில் ஒன்றையாவது வாசல் பக்கம் முகத்தின் உயரத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து பார்த்தால் தொப்பிதான் தெரியும். டிவிஆரை அலுமாரிக்குள் பூட்டி வையுங்கள், காற்றுப் போக வழி இருக்கட்டும். திருடன் அதையே தூக்கிப் போன வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன்.

கொழுந்துக்கூடை:

நேற்றுப் போய்வந்தேன். மேலதிக வாக்குமூலத்தைத் தமிழில் எழுதியே கொடுத்தேன். முதலில் தயங்கினார்கள், அப்புறம் வாங்கிக்கொண்டார்கள். பழைய முறைப்பாட்டை ஒரு தமிழ் கான்ஸ்டபிள் வாசித்துச் சொன்னார். அதில் சங்கிலியே இல்லை. ஃபோனும் காசும்தான் இருந்தது. ஆறு நாளாக யாரும் தேடாத ஒரு பொருளுக்காக நான் தினமும் ஃபோன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது சங்கிலியைச் சேர்த்தாயிற்று. பென் ட்ரைவைக் கொடுத்து ஒப்பம் வாங்கினேன். பின்னேரமே இரண்டு பேர் வந்து கதவையும் பீலிக்கரையையும் படம் எடுத்தார்கள். கைரேகை எடுக்க முடியவில்லை, பண்டாரவளையிலிருந்து வந்த அன்றே நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டோம். மற்றவர்களாவது கதவைத் தொடாமல் வையுங்கள்.

சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், மற்ற இரண்டு வீட்டாரும் கூட வருகிறார்கள். போய்வந்து எழுதுகிறேன்.