பொருள்: 'எதிர்ப்பாற்றல் ஒடுக்கம்' வேண்டாம், 'கருப்பொறை' எப்படி?

வணக்கம்.

கர்ப்பத்தில் அம்மாவின் நோயெதிர்ப்பாற்றல் பிள்ளையை அந்நியமாக நினைத்துத் தாக்காமல் ஏற்றுக்கொள்வதற்கு (ஆங்கிலத்தில் maternal-fetal tolerance) தமிழில் என்ன சொல்லலாம் என்ற இழையில் இதுவரை வந்த சொற்களைப் பார்த்தேன். 'கருப்பாதுகாப்பு' ஏதோ அரசுத் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, விட்டுவிடலாம். 'கரு இசைவு' காதுக்கு இனிமைதான், ஆனால் இசைவு இல்லாததுதானே இங்கே சிக்கலே! பிள்ளையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. அதே அப்பாவின் சிறுநீரகத்தை அம்மாவுக்கு வைத்தால் மருந்து இல்லாமல் உடம்பு ஏற்காது, பிள்ளையை மட்டும் மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறது. நோயெதிர்ப்பு ஆய்வாளர் பீட்டர் மெடவார் 1953-லேயே எழுப்பிய கேள்வி இது.

என் சண்டை 'எதிர்ப்பாற்றல் ஒடுக்கம்' மேல்தான். மும்பை தாராவியில் இருக்கும் தமிழ்க் கர்ப்பிணிகளுக்கான கையேடு ஒன்றுக்கு நான் மொழி பார்த்துக்கொண்டிருக்கிறேன், அங்கே இந்தச் சொல்லைப் போட்டால் எதிர்ப்பாற்றலே அணைந்துவிட்டது என்று நினைத்து "அப்போ ஊசி போட்டும் பிரயோஜனமில்லையா அக்கா" என்றுதான் கேட்பார்கள். பிரயோஜனம் உண்டு. டெட்டனஸ் ஊசியால் அம்மா உடம்பில் உண்டாகும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள், நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது.

தாக்காமல் இருக்கும் அந்த அமைதி முக்கியமாக அம்மாவும் பிள்ளையும் தொட்டுக்கொள்ளும் எல்லையில்தான். நஞ்சுக்கொடியில் அம்மாவின் ரத்தம் நேராகப் படும் மேலடுக்கு, ஆளை அடையாளம் காட்டும் எச்எல்ஏ புரதங்களை வெளியே காட்டுவதே இல்லை. கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் நஞ்சுக்கொடிச் செல்களோ எச்எல்ஏ-ஜி என்ற ஒன்றைக் காட்டுகின்றன, அது ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாதது. அங்கே கூட்டமாக இருக்கும் அம்மாவின் என்கே எதிர்ப்புச் செல்கள் (பெயரே 'இயற்கைக் கொலைகாரர்கள்') கொல்லாமல், ரத்தம் தாராளமாக வர அந்த இடத்துத் தமனிகளை அகலமாக்க உதவுகின்றன. இதில் ஒடுக்கம் எங்கே? விழித்துக்கொண்டே பொறுத்துப்போகிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் கருப்பொறை. பொறை என்றால் பொறுமை, சுமை இரண்டும். பிள்ளை பெறுவதற்கே 'பொறையுயிர்த்தல்' என்று பழைய சொல் இருக்கிறது. உறுப்பு மாற்றத்தில் வரும் டாலரன்ஸுக்கும் (அந்நிய உறுப்பை உடம்பு தாக்காமல் ஏற்பது) 'எதிர்ப்புப் பொறை' என்று ஒரே வேரில் போய்விடலாம். கருப்பு நிறம் என்று படிப்பார்களே என்றால், கருப்பையை யாரும் அப்படிப் படிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: ஆர்எச் விவகாரத்தை (அம்மா ஆர்எச் நெகட்டிவ், பிள்ளை ஆர்எச் பாசிட்டிவ் ரத்த வகையாக இருப்பது) இதற்குள் இழுக்க வேண்டாம். அது எல்லை தாண்டி அம்மாவின் ரத்தத்தில் கலந்த பிள்ளையின் சிவப்பணுவுக்கு எதிராக அம்மா உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்குவதால் வருவது, பெரும்பாலும் பிரசவ நேரத்தில். அடி வாங்குவது அடுத்த பிள்ளை. பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் அந்த எதிர்ப்பொருள் உண்டாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போடச் சொல்வது அதற்குத்தான். கையேட்டில் அந்தப் பத்தியைத் தனியாக வைத்திருக்கிறேன், 'பொறை' அங்கே வராது.

மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போவதற்குள் சொல்லிவிடுங்கள்.