கோயில் கேட்டுக்கு சிங்க் கட்டி வைக்கலாமா? துருவோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்

பாகான் டத்தோ வாசி:

மலேசியாவின் பாகான் டத்தோவில் எங்கள் தோட்டத்துக் கோயிலின் முன் கேட்டும் அதற்கு மேலே இருக்கிற இரும்பு வளைவும் பொரிந்து போய்விட்டன. திருவிழாவுக்குத் திருவிழா சாயம் அடிக்கிறோம், அடுத்த திருவிழா வருவதற்குள் கொப்புளம் கிளம்பி செதில் செதிலாக விழுகிறது. கடல் கூப்பிடு தூரம், உப்புக் காற்றுக்குக் குறைவே இல்லை. இந்த வருஷம் கமிட்டியில் இரண்டு யோசனை வந்திருக்கிறது. மீன்பிடிப் படகு வைத்திருக்கிற அண்ணன் ஒருவர், படகுக்கு அடியில் சிங்க் (துத்தநாகம்) கட்டி வைப்பதுபோல கேட்டின் காலிலும் ஒன்றை வெல்டு பண்ணிவிட்டால் துருவே அண்டாது என்கிறார். இன்னொருவர், காருக்குத் துரு வராமல் இருக்க பாட்டரியில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள், அதை மாட்டலாம் என்கிறார். செம்பனை (எண்ணெய்ப் பனை) மில்லிலும் ஜெட்டியிலும் (படகுத்துறையிலும்) வேலை பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய மில் ஃபோர்மேன்:

தம்பி, கேட்டுக்கு சிங்க் கட்டி வேலைக்கு ஆகாது. அதற்காகப் படகுக்காரர் சொன்னது பொய் என்று அர்த்தம் இல்லை, அவர் படகுக்கு அது உண்மை. சிங்க்கையும் இரும்பையும் ஒன்றாக இணைத்து ஒரே தண்ணீரில் வைத்தால் சிங்க்தான் முதலில் கரையும், அது கரையும்போது வெளியே வரும் எலெக்ட்ரான் இரும்புக்குப் போய் இரும்பைக் கரையவிடாமல் பிடித்து வைக்கும். இந்தச் சுற்று முழுமையாக வேண்டுமானால் இரும்பு வழியாக ஒரு பாதையும் தண்ணீர் அல்லது ஈர மண் வழியாக இன்னொரு பாதையும் இருக்க வேண்டும். காற்றில் நிற்கிற கேட்டுக்கு அந்த இரண்டாவது பாதை எங்கே இருக்கிறது? பனி பிடித்த காலையில் கம்பி மேல் மெல்லிய ஈரம் இருக்கும்தான், ஆனால் அதன் வழியாக சிங்க்கின் காவல் சில மில்லிமீட்டர்தான் போகும். காலடியில் வைத்த கட்டி, மேலே இருக்கிற வளைவை எட்டிக்கூடப் பார்க்காது.

பெர்னாம் ஆற்று ஜெட்டியில் இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். தண்ணீருக்கு அடியில் எப்போதும் முழுகிக் கிடக்கிற தூணில் அனோடு (சிங்க் மாதிரி தான் கரைந்து இரும்பைக் காக்கிற கட்டி) கட்டியிருந்தால் இரும்பு நன்றாகவே இருக்கும். அலை அடித்து அடித்து நனைந்து காய்கிற பட்டை ஒன்று இருக்கிறதே, அங்கேதான் தகடு தகடாகக் கழன்று வரும். அந்த இடத்துக்குச் சாயமோ, மெழுகுப் பசை ஊறிய நாடாவைச் சுற்றுவதோதான் வழி. அடிச் சேற்றில் வேறொரு தொல்லை. காற்றில்லாத கருப்புச் சேற்றில் ஒரு வகை பாக்டீரியா சல்பேட்டைத் தின்று அழுகின முட்டை வாடையை விடும், இரும்பும் சேர்ந்து அரிக்கப்படும்.

அப்போது கேட்டுக்கு என்ன செய்வது? சாயம்தான். ஆனால் நீங்கள் அடிக்கிற விதத்தில் இல்லை. எந்தச் சாயம் நல்லது என்றுதான் எல்லாரும் ஹார்ட்வேர் கடையில் கேட்கிறார்கள், அடியில் இருக்கிற இரும்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கடற்கரை இரும்பில் துருவுக்குள்ளே உப்பு புகுந்து உட்கார்ந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மேலே பளபளக்கும், உப்பு அப்படியே குழிக்குள் இருக்கும். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த எப்போக்சியை அடித்தாலும் உப்பு சாயத்தைத் தாண்டி ஈரத்தை உள்ளே இழுக்கும், அதுதான் நீங்கள் சொன்ன கொப்புளம். அதனால் முதல் வேலை நல்ல தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவுவது. அப்புறம் மணல் வீச்சு, அதாவது அழுத்தக் காற்றோடு மணலை வீசித் துருவை உரிப்பது. அதன் பிறகும் ஒருமுறை கழுவிக் காயவைத்து உடனே திரும்ப வீசினால் இன்னும் நல்லது. மில்லில் தாங்கி (டேங்க்) வேலை என்றால் எஸ்.ஏ. இரண்டரை என்கிற தரத்துக்கு வீசச் சொல்வோம், இரும்பு கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும், சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும், சாயம் பிடித்து நிற்க அது வேண்டும்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் நூற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். இரும்பின் சூடு பனி படிகிற வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கம். நடைமுறையில் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, சாயங்கால மழைக்கு மேகம் கூடுவதற்குள் முடிக்க வேண்டும். கண்ட்ராக்டர் ஆட்களோ வெயிலுக்குப் பயந்து ஏழு மணிக்கே பிரஷ்ஷோடு நிற்பார்கள்.

சாய அடுக்கு: முதலில் சிங்க் தூள் நிறைந்த எப்போக்சி, நடுவில் கனமான எப்போக்சி, மேலே பாலியுரேத்தேன். எப்போக்சியை வெயிலில் வெறுமனே விட்டால் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுத்துவிடும், அதனால்தான் மேல் பூச்சு. சிங்க் தூள் பூச்சு வேலை செய்வது சாயம் என்பதால் மட்டும் இல்லை, காய்ந்த பூச்சில் எடைக்கு எண்பது சதவீதத்துக்கு மேல் சிங்க் இருக்கும், துகளும் துகளும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும், கீறல் விழுந்த இடத்தில் சிங்க் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். படகுக்காரர் கேட்கிற சிங்க் இதுதான், கேட்டு முழுக்கப் பரவி ஒட்டிக்கொண்டு. அழுக்கான துருவின் மேல் அடித்தால் அந்தத் தொடுதல் இல்லை, வெறும் சாம்பல் நிறச் சாயம்தான் மிச்சம்.

விளிம்பு, வெல்டு, போல்ட் தலை இந்த மூன்றுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்துவிட்டு அப்புறம் முழுவதும் அடிக்கச் சொல்லுங்கள். கூர்மையான விளிம்பில் சாயம் தானே ஒதுங்கி மெலிந்துவிடும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பழைய கேட்டு என்றால் அடிச்சாயத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, காய்ந்த நிலையில் சுரண்டித் தூள் பறக்கவிடாதீர்கள், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

வலைக்காரர் மகன்:

ஃபோர்மேன் அண்ணன் சொன்னது சரி. படகுக் கதை நான் சொல்கிறேன். எங்கள் துறையில் ஒரு படகைக் கரையேற்றிச் சாயம் அடிக்க ஆள் விட்டார்கள், அந்த ஆள் அடிப்பாகம் முழுக்க அழகாக அடித்து, ஷாஃப்டில் (விசிறியைச் சுழற்றுகிற தண்டில்) இருந்த சிங்க்கின் மேலும் அடித்துவிட்டார். அடுத்த தடவை கரையேற்றும்போது சிங்க் புதுசுபோல அப்படியே இருக்கிறது, விசிறியின் இறக்கை ஓரம் எலி கடித்ததுபோல ஆகியிருக்கிறது. சிங்க் தேய்ந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டும், தேயாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். இன்னொன்று, ஆற்றுக்குள்ளேயே நல்ல தண்ணீரில் கட்டிக் கிடக்கிற படகுக்கு சிங்க் சரிவராது, மேலே வெள்ளையாகப் பொருக்கு கட்டித் தூங்கிவிடும். அங்கே மெக்னீசியம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

இந்த வித்தையை முதலில் கப்பலில் பார்த்தவர் ஹம்ஃப்ரி டேவி, 1824இல். அந்தக் காலத்தில் மரக்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடிப்பார்கள், பிரிட்டிஷ் கடற்படைக்கு அந்தச் செம்பு கரைவது பெரிய செலவு. டேவி இரும்புத் துண்டுகளையும் துத்தநாகத்தையும் செம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தார், செம்பு கரைவது நின்றது. ஆனால் செம்பு கரையாததால் அதன் விஷமும் தண்ணீரில் கலக்கவில்லை, பாசியும் கொட்டலசும் சந்தோஷமாக ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. கடற்படை அதைக் கைவிட்டது. வேலை செய்த மருந்துக்கே அந்தக் கதி!

சிகாமட் குழாய்க்காரன்:

வாத்தியார் சார், அருமை. நான் செம்பனைக்கு நடுவே போகிற எரிவாயுக் குழாயில் பல காலம் ரோந்து பார்த்தவன். புதைந்த குழாய்க்கு இரண்டு காவல் உண்டு: மேலே பூச்சு, கூடவே மின்சாரம். ஏன் இரண்டும் என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். பூச்சு இல்லாத வெற்று இரும்பை மண்ணில் காக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்து, இருபது மில்லி ஆம்பியர் என்று மின்சாரம் குடிக்கும், நல்ல பூச்சு இருந்தால் அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். பூச்சு மட்டும் போட்டு மின்சாரம் இல்லாமல் விட்டாலோ, எங்கேயாவது ஒரு ஊசிமுனை ஓட்டை இருக்கத்தான் செய்யும், அங்கே அரிப்பு சேர்ந்து நின்று சொத்தைப் பல் மாதிரி வெளியே சின்னதாக, உள்ளே ஆழமாகக் குடையும்.

மண்ணில் குழாய்க்கு நேர் மேலே ஒரு செப்பு சல்பேட் மின்முனையை ஊன்றி மீட்டரில் பார்ப்போம், −0.85 வோல்ட்டோ அதைவிட இன்னும் மைனஸ் பக்கமோ காட்டினால் குழாய் பத்திரம். இந்த எண் 1928 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் என்ற பொறியாளர் செய்த வேலையிலிருந்து வந்தது, உலகம் முழுக்க இன்றைக்கும் அதுதான். ஃபோர்மேன் அண்ணன் சொன்ன அழுகின முட்டை மண்ணில் −0.95 வரை இறக்கச் சொல்வார்கள். வறட்சிக் காலத்தில் மண் காய்ந்து மீட்டர் கன்னாபின்னா என்று காட்டும், அதனால் பையில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர், மின்முனையின் காலடியில் ஊற்றிவிட்டுத்தான் படிப்போம். மீட்டர் வயரை மாட்டக் குழாய்ப் பாதையில் நட்டிருக்கிற கம்பத்தில் மாடு கட்டுவார்கள், வயர் பிய்ந்து கிடக்கும். மண்வெட்டி இயந்திரம் வாய்க்கால் தோண்டும்போது பூச்சைக் கீறிவிட்டு மண்ணை மூடிவிட்டுப் போய்விடும், யாரும் சொல்ல மாட்டார்கள். செம்பு வயரைத் திருடுகிறவன் தனிக் கதை.

எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிற விஷயம், குழாய்க்கு ஒரே திசையில் மின்சாரம் கொடுக்கிற ரெக்டிஃபையர் பெட்டியின் இணைப்பு. பாசிட்டிவ் அனோடுக்கு, நெகட்டிவ் குழாய்க்கு. மாற்றிக் கொடுத்தால் காவல்காரனே திருடன், குழாய்தான் கரையும். ஒரு ஆம்பியர் ஒரு வருஷம் முழுக்கத் தப்பான திசையில் ஓடினால் சுமார் 9 கிலோ இரும்பு போய்விடும். ஒரு கண்ட்ராக்டர் பராமரிப்புக்குப் பிறகு வயரை மாற்றிச் செருகிவிட்டுப் போனதை அடுத்த மீட்டர் படிப்பில் பிடித்தோம், நல்ல வேளை. அளவுக்கு மேல் கொடுத்தாலும் தொல்லை, ஹைட்ரஜன் கிளம்பிப் பூச்சு இரும்பை விட்டுக் கழன்றுகொள்ளும்.

பாகான் டத்தோ தம்பி, இதிலேயே உங்கள் பெட்டிக்கும் பதில் இருக்கிறது. காருக்கு வெளியே அனோடும் இல்லை, காரைச் சுற்றித் தண்ணீரோ மண்ணோ இல்லை, ரப்பர் டயர் மேல் காற்றில் நிற்கிறது. பெட்டி யாரிடம் மின்சாரம் அனுப்பும்? பணத்தைச் சேமித்து வையுங்கள்.

லூனாஸ் பால்மரம்:

துரு இல்லாவிட்டாலும் இதுவும் அரிப்புதான், அதனால் சொல்கிறேன். ரப்பர்ப் பால் கெட்டுப்போகாமல் இருக்க அம்மோனியா ஊற்றுவோம். பால் தாங்கியில் யாரோ பித்தளை வால்வு போட்டார்கள், அம்மோனியாவுக்குப் பித்தளை என்றால் பரம எதிரி, கீறல் விட்டுப் பிளந்துவிட்டது. பால் உறைய வைக்கிற ஃபார்மிக் அமிலமோ கல்வனைஸ் (சிங்க் முலாம் பூசிய) வாளியின் சிங்க்கை உடனே தின்னும். எதற்கு எது ஆகாது என்று தெரியாமல் போட்டால் புது இரும்பும் பழசுதான்.

பாகான் டத்தோ வாசி:

எல்லாருக்கும் நன்றி. கமிட்டியில் பேசினோம். கேட்டின் காலடியைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம், சிமெண்டும் கம்பியும் சந்திக்கிற இடத்தில் இரும்பு பாதிதான் மிச்சம். புதுசாகச் செய்து கல்வனைஸ் தொட்டியில் முக்கி எடுக்கலாம், அதன் மேல் மஞ்சளும் சிவப்பும் எனாமல் அடிக்கலாம் என்று முடிவு.

பழைய மில் ஃபோர்மேன்:

நல்ல முடிவு, இரண்டு மூன்று விஷயம் கவனியுங்கள். கல்வனைஸ் என்றால் எல்லா இடத்துக்கும் மருந்து என்று நினைக்காதீர்கள். எங்கள் மில் கழிவுநீர்க் குளத்தில் கல்வனைஸ் ஏணி வைத்தார்கள், புதுக் கழிவின் பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4, 5 என்று இருக்கும், சிங்க் 6க்குக் கீழே நிற்காது, கொஞ்ச நாளில் அந்த ஏணி செந்நிறம் ஆகிவிட்டது. உங்கள் ஊர்ப் பக்கம் பழைய சதுப்பு நிலத்தை வடித்த இடங்களில் மண்ணே புளித்திருக்கும், வாய்க்காலில் துருச் சிவப்பும் மண்ணில் வைக்கோல் மஞ்சளும் தெரிந்தால் அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி மண்ணில் கம்பிக் காலை நேராக ஊன்ற வேண்டாம். சிமெண்டு மேடையைத் தரைக்கு மேலே உயர்த்தி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவாகப் பூசி, அதன் மேல் போல்ட்டில் நிற்க வையுங்கள்.

வளைவுக்குக் குழாய்க் கம்பி என்றால் மூடிய முனை எதற்கும் ஓட்டை போட்டே அனுப்ப வேண்டும். உருகின சிங்க் 450 டிகிரி. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வெடிக்கும், பட்டறைக்காரர்கள் அப்படி வந்த சாமானைத் தொட்டியில் போடவே மாட்டார்கள். வெல்டு வேலை எல்லாம் முக்குவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும், பிறகு வெல்டு பண்ணினால் சிங்க் எரிந்து வெள்ளைப் புகை விடும், அந்தப் புகையை இழுத்தவனுக்கு ராத்திரி குளிர்க் காய்ச்சல் வரும். 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமான இரும்பு என்றால் சிங்க் பூச்சு 85 மைக்ரான் கனம் கேளுங்கள்.

எனாமல் மட்டும் வேண்டாம். எண்ணெய்ச் சாயத்தை நேராக சிங்க் மேல் அடித்தால் அடியில் சோப்பாக மாறி உரிந்து வரும், திருவிழா முடிவதற்குள்ளேயே வரலாம். மணலை மெதுவாக வீசி மேலே சொரசொரப்பாக்கி, எப்போக்சி பிரைமர், அப்புறம் உங்கள் மஞ்சள் சிவப்பில் பாலியுரேத்தேன். பட்டறையில் தொட்டியின் நீளத்தை முதலில் விசாரியுங்கள். வளைவு அதற்குள் முழுதாக அடங்காவிட்டால் இரண்டு துண்டாக்கிப் போல்ட் போடும்படி வரைந்துகொண்டு போய் விலை கேளுங்கள்.