ஒட்டின பேரு: பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் உங்களுக்கு நடந்தது என்ன?

பால்வாளி:

மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்குற நம்ம ஊருக்கு 2007லேயே பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாத்திட்டாங்க. எங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருது. ஒரு தடவை ஒட்டின பேரு சுலபத்துல உரியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒரு விஷயம் நாப்பது வருஷமா தொண்டையில நிக்குது, அதான் எழுதுறேன்.

1984. தமிழ்ப்பள்ளி முடிச்சு இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் உட்கார்ற புகுமுக வகுப்புல முதல் நாள். மதியப் பள்ளி. டீச்சர் உள்ள வந்ததும், "புடாக் எஸ்டேட் எல்லாம் கை தூக்கு"ன்னாங்க. தோட்டத்துப் பிள்ளைங்கன்னு அர்த்தம். பதினோரு கை தூக்குச்சு, அதுல என் கையும் ஒண்ணு. காலையில அம்மா கூட ரப்பர் பால் மங்கு துடைக்கப் போயிட்டு வந்திருந்தேன். கையை மேல தூக்கினப்பதான் பார்த்தேன், நகக்கண்ணுல பால் காஞ்சு கறுப்பா ஒட்டியிருக்கு. ஒட்டுப்பால் நாத்தம் எங்களுக்குத் தெரியாது, மத்தவங்களுக்குத் தெரியும்.

பக்கத்துல இருந்தவ கை தூக்கல. அவ எங்க தோட்டம். எங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னாடி லயம். அரை மணி நேரத்துக்கு முன்னாடி ஒரே லோரியில வந்து இறங்கினோம். டவுன்ல இருந்த அவ சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுத்துப் பள்ளியில சேர்த்திருந்தாங்க.

கை தூக்கினவங்களைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னாங்க. நான் பையை எடுத்துக்கிட்டு எழுந்தேன். அவ அசையாம உட்கார்ந்திருந்தா. "டீச்சர், அவளும் தோட்டம்தான்"னு சொல்லிட்டேன்.

அவ என்னைத் திரும்பிப் பார்க்கல. பையைத் தூக்கும்போது தகர டப்பா கீழ விழுந்து பென்சில் எல்லாம் உருண்டுச்சு. குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்கினா. நான் உதவிக்குக் குனியல. அந்தத் தகரச் சத்தம் இப்பவும் கேக்குது.

மூணாம் படிவத்தோட அவ நின்னுட்டா. நான் சொன்னதாலதான்னு சொல்ல முடியாது. ஆனா டீச்சர் எனக்கு ஒட்டினதை அவளுக்கு ஒட்டினது நான்தானே? உங்கள்ல யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

குலைவெட்டு மண்டோர்:

அக்கா, இதைப் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. எனக்கு நடந்தது மூணு வருஷத்துக்கு முன்னாடி. செம்பனைத் தோட்டத்துல மண்டோர், அதான் மேற்பார்வை வேலை. கீழ வேலை செய்யிற எல்லாருமே வெளிநாட்டுப் பையன்க. நாங்க எல்லாரையும் "பங்களா", அதாவது வங்காளதேசத்துக்காரன்னுதான் கூப்பிடுவோம். காலையில ஆள் எண்ணுற பெரட்டுல நின்னாக்கூட பெரிய பங்களா, சின்ன பங்களா, தாடி பங்களா.

ஒரு நாள் அந்தத் தாடி பங்களா மேல மட்டை விழுந்துருச்சு. மட்டையோட அடியில முள்ளு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். தோள்ல இருந்து கழுத்து வரைக்கும் கிழிச்சிருச்சு. காடியில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கவுண்டர்ல "நாமா?"ன்னு பேர் கேட்டாங்க. நான் வாயைத் திறந்தா "பங்களா"ன்னுதான் வருது. ஒன்றரை வருஷம் என்கிட்ட வேலை செஞ்சவன். தினமும் அவன் வெட்டின குலையை எண்ணி எழுதுறவன் நான்தான், அதுவும் நம்பர் போட்டு. அந்தத் தாதி பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துச்சு.

சட்டைப் பையில பாஸ்போர்ட் நகல் இருந்துச்சு. ரத்தத்துல ஒட்டிப்போன தாளைப் பிரிச்சுப் பார்த்தா, இந்தியா. மேற்கு வங்காளத்துல முர்ஷிதாபாத். எங்க தாத்தா கப்பல் ஏறின நாடு. என் பிறப்புப் பத்திரத்துல இனம்னு போட்ட இடத்துல இருக்குறதும் அதே சொல்தான்.

பதினாலு தையல் போட்டாங்க. இப்ப நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுறேன். மத்தவங்க இன்னும் மாறல.

ஓய்வு கிராணி:

முதலில் எழுதிய தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'தோட்டத்துப் பிள்ளை' என்பதில் என்ன இழிவு? தோட்டத்துக்கே 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கேட்ட டீச்சரை விட, கேட்டதும் கூசிய மனம்தான் நம்மைக் கெடுத்தது.

என் அனுபவம் சின்னது. என் மகள் சீனரைக் கட்டியிருக்கிறாள். பேரன் என்னிடம் தமிழில்தான் பேசுவான். ஒரு நாள் இனம் கேட்கும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, மலாய், சீனா, இந்தியா, லாயின்-லாயின், அதான் மத்தவங்க. நான் எதுல கோடு போடணும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1891ல் வெள்ளைக்காரன் இங்கே குடிக்கணக்கு எடுத்தபோது 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்' என்று ஒரு தலைப்புப் போட்டான். தெலுங்கர், பஞ்சாபி, வங்காளி எல்லாரும் அதற்குள் அடங்கிவிட்டார்கள். மலாய்க்காரருக்கும் அப்படித்தான், தீவுகளிலிருந்து வந்த பிற மக்களையெல்லாம் சேர்த்து ஒரே தலைப்பு. எண்ணுகிறவன் வசதிக்குப் போட்ட கோடு அது. 1907ல் கூலி ஆட்களைக் கொண்டுவர ஏற்படுத்திய நிதிக்கே தமிழர் குடியேற்ற நிதி என்றுதான் பெயர். அப்படித் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை 1938ல் இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. அப்படியென்றால் இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று, நான்கு தலைமுறையாக இங்கேயே பிறந்தவர்கள். இன்னும் 'பென்டாத்தாங்', அதாவது வந்தேறி, என்று யாராவது சொன்னால் 1938ஐ எடுத்துச் சொல்லுங்கள். கோபப்படாமல் சொல்லுங்கள்.

மண்டோர் தம்பி, சம்பளப் பதிவேடான செக்ரோலில் நம்பருக்குப் பக்கத்தில் பேரையும் எழுதுங்கள். முதலாளி கேட்காவிட்டாலும் எழுதுங்கள். காலையில் பெரட்டில் அந்தப் பேரை வாய்விட்டுப் படித்தால் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிடும். தங்கச்சி, அந்தப் பிள்ளையைத் தேடிப் பாருங்கள். டெலிபோனில் மன்னிப்புக் கேட்காதீர்கள். நேரில் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள், பழம் வாங்கிப் போங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

பீலியடி:

ஐயா, உங்க வயசுக்கு மரியாதை கொடுத்துத்தான் கேக்குறேன். வெள்ளைக்காரன் போட்ட பெட்டியைப் பத்தி இவ்வளவு எழுதினீங்க. நம்ம கட்டின சாதிப் பெட்டியைப் பத்தி ஒரு வரி இல்லையே?

2011ல ஐந்தாம் படிவத்து மலாய் இலக்கிய நாவல்ல நம்மைக் குறிச்சு ஒரு சாதிச் சொல் இருந்துச்சு. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, வருஷக் கடைசியில அதைப் பாடத்துல இருந்தே எடுத்தாங்க. நானும் எதிர்த்தவதான். அதே வருஷம் என் அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. நல்ல குடும்பம், மாப்பிள்ளை டிப்ளோமா முடிச்சவர். கோப்பி கொடுத்தாச்சு. பையனோட அம்மா கிளாஸைக் கையில எடுத்துக்கிட்டே, "உங்க தாத்தா எந்த லயத்துல இருந்தாங்க? மேல் லயமா, பீலிக்குக் கீழயா?"ன்னு கேட்டாங்க. பீலின்னா தண்ணிக் குழாய்; கேட்டது சாதியை.

தோட்டத்தையே வித்து, லயத்தை எல்லாம் உடைச்சு வருஷக்கணக்காச்சு. அந்த இடத்துல வீடமைப்பு வந்துருச்சு. பீலி எங்க இருந்துச்சுன்னு எங்க அப்பாவுக்கே சரியாக் காட்டத் தெரியாது. கேள்வி மட்டும் நின்னுக்கிட்டு இருக்கு. அப்பா, "கீழதான்"னார். அதுக்கப்புறம் அந்த அம்மா கோப்பியைத் தொடல. அவங்க போன பிறகு நான்தான் கிளாஸை எடுத்தேன், மேல ஏடு படிஞ்சிருந்துச்சு. அக்கா அடுப்படியை விட்டு வெளிய வரவே இல்ல.

கூசின மனசு கெடுத்துச்சுன்னு பால்வாளி அக்காவைச் சொல்றீங்க. பன்னிரண்டு, பதிமூணு வயசுப் பிள்ளைங்க, ஐயா. எங்க தாத்தா சம்பளக் கணக்கு கேக்க கிராணி வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னுதான் பேசுவாராம்.

ஓய்வு கிராணி:

உண்மைதான் அம்மா. எங்கள் வீட்டு அஞ்சடியில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், நாற்காலி இருந்தது. யாரையும் உட்காரச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

பால்வாளி:

சண்டை வேணாம். ஐயா சொன்ன பிறகு தேடினேன். ரவாங்ல இருக்காளாம், நம்பர் கிடைச்சிருச்சு. இன்னும் கூப்பிடல.

சுங்கை திங்கி பேரன்:

எங்க பாட்டியைத் தெருவுல "ஐசி மேரா பாட்டி"ன்னுதான் சொல்வாங்க. சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி மட்டும்தான், குடியுரிமை இல்ல. பிறந்தது இங்க, லயத்துல. மருத்துவச்சி பார்த்த பிரசவம், யாரும் போய்ப் பதியல. எத்தனை தடவை மனு போட்டோம்னு கணக்கு இல்ல.

2018 மே 9. எங்க தெருவே ஓட்டுப் போடக் கிளம்புச்சு. பாட்டியும் காலையிலேயே குளிச்சு, தீபாவளிச் சேலையைக் கட்டி, தலை வாரிப் பூ வெச்சுப் படியில உட்கார்ந்துட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல. மூணு மணி நேரம் வரிசையில நின்னுட்டு நான் திரும்பி வந்தப்பவும் அதே படியிலதான் இருந்தாங்க.

என் இடது கையைப் பிடிச்சு ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தாங்க. மை நகத்தைச் சுத்தி இறங்கியிருந்துச்சு. எச்சில் தொட்டு அழுத்தித் தேய்ச்சாங்க. "போகாதா?"ன்னாங்க. "கொஞ்ச நாள் ஆகும் பாட்டி"ன்னேன். தன்னோட விரலை என் விரலுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் எழுந்து உள்ள போய்ச் சேலையை மாத்திட்டு, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டாங்க.