மறுமொழி: கப்பலில் ஆடும் தலைக்கும் கரையில் ஆடும் தலைக்கும் ஒரே பெயரா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் motion sickness என்பதற்கும், கரையில் இறங்கிய பிறகும் விடாத ஆட்டத்துக்கும் நம் பயணிகள் பிரசுரத்தில் என்ன தமிழ்ப் பெயர் போடுவது என்ற விவாதத்துக்கு என் மறுமொழி இது.

> “பயணக் குமட்டல்” என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிடலாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, தம்பி. நீங்கள் தட்டெழுதி அனுப்பிய பிரசுரத்தையே மறுபடி படியுங்கள். “பயணக் குமட்டல் உள்ளவர்கள் புறப்படுமுன் மாத்திரை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் முன் இருக்கையில் அமரவும்” என்கிறது மூன்றாம் பந்தி. “கரையில் இறங்கிய பின் வரும் பயணக் குமட்டலுக்கு மாத்திரை வேண்டாம், சிறிது நடக்கவும்” என்கிறது நான்காம் பந்தி. பெயர் ஒன்று, புத்திமதி இரண்டு, அதுவும் ஒன்றுக்கொன்று எதிராக. கையில் பிள்ளையும் தோளில் பையுமாகத் துறைமுகத்தில் நிற்கிற ஒரு தாய், இதில் எது தனக்குரிய பந்தி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

புதிதாக இணைந்தவர்களுக்காக விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் பெரிய பயணிகள் கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. உல்லாசக் கப்பல்கள் திருகோணமலையோடு நின்றுவிடும். 2023 இல் சென்னையிலிருந்தும் கப்பல் வரத் தொடங்கியதால், இறங்குகிறவர்களில் தமிழ் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பாசிக்குடாக் கடற்கரையைப் பார்க்க விரும்புகிறவர்களை ஏற்றும் பஸ் கிண்ணியா, வெருகல், வாகரை என்று ஏ15 வீதியால் வர வேண்டும். வந்த இடத்தில் கண்ணாடித் தளப் படகு. நேரம் மிஞ்சினால் மட்டக்களப்பு வாவியில் தோணி. பிறகு மறுபடி பஸ், மறுபடி கப்பல். வழிகாட்டிகளும் சாரதிகளும் நம் பிள்ளைகள். அவர்கள் கையில் கொடுக்கத்தான் இந்த ஒற்றைத்தாள்.

இனி, வந்து சேர்ந்த சொற்களைப் பார்ப்போம்.

> தமிழ்நாட்டில் “இயக்க நோய்” என்று எழுதுகிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமே?

வாழைச்சேனைச் சந்தியில் நின்று ஒருவரிடம் “உங்களுக்கு இயக்க நோய் இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். இயக்கம் என்ற சொல் நம் மாகாணத்தில் ஆயுதம் ஏந்திய அமைப்புகளைக் குறித்து வந்தது என்று இந்தக் குழுவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதை இத்தோடு மூடிவிடுவோம்.

“நோய்” என்ற பின்னொட்டுக்கு வேறொரு தடையும் உண்டு. கல்முனை மருத்துவர் அக்கா அதை நன்றாகவே எடுத்துச் சொன்னார். உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றாகச் செயலிழந்தவர்களை எந்தக் கப்பலில் ஏற்றினாலும் அவர்களுக்கு இது வருவதில்லை. அரைவட்டக் கால்வாய்கள் ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்குத்தான் வருகிறது. கப்பல் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது கண் சுவரைப் பார்த்து ‘அசையவில்லை’ என்கிறது, உட்செவி ‘அசைகிறோம்’ என்கிறது, இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியாமல் மூளை திணறுகிறது. நல்ல உடம்பின் எதிர்வினைக்கு நோய் என்று பெயர் வைத்து, படிவத்தில் “உங்களுக்கு இந்நோய் உண்டா?” என்று கேட்டால், விடுமுறைக்குப் புறப்பட்டு வந்த எவரும் “இல்லை” என்றுதான் எழுதுவார்கள்.

அக்கரைப்பற்று ஆசிரியர் முன்மொழிந்த “அசைவு ஒவ்வாமை” ஒலிக்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வாமை என்றதும் இறால் தின்று தடித்த தோல்தான் வாசகருக்கு நினைவு வரும். அந்தச் சொல்லை அலர்ஜிக்குக் கொடுத்துப் பல காலம் ஆகிவிட்டது.

“பிரட்டல்” பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எனக்கு அதில் ஆசை உண்டு. வயிற்றைப் பிரட்டுகிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். கப்பல் பிரட்டுவதையும் வயிறு பிரளுவதையும் ஒரே வினை பிடித்துவிடுகிறது. ஆனால் சாய்ந்தமருது நானா ஒரே வரியில் அதைக் கவிழ்த்துவிட்டார்: இதே தாளின் மறுபக்கத்தில் மதிய உணவுப் பட்டியல் இருக்கிறது, அதில் முதலாவது கோழிப் பிரட்டல்.

“சத்தி”யும் இப்படித்தான் தோற்கிறது. நமக்கு அது வாந்தியைக் குறிக்கும் அன்றாடச் சொல். சென்னையிலிருந்து வருகிறவருக்கு அது சத்தியமங்கலத்தின் சுருக்கம். “சத்தி வந்தால் சாரதியிடம் சொல்லவும்” என்று எழுதினால் ஊர் வந்ததும் இறக்கிவிடுவார்கள் என்று நினைத்துவிடுவார். பையின் மேல் “வாந்திப் பை” என்றே அச்சிடுவோம். காரைதீவு நண்பர் இந்த இடத்தில் தம் ஊரில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகளை இழுத்தார். அடிகளார் 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளில் முன்னின்றவர், அது நம் பெருமை. அதற்காக அவர் பெயரைச் சொல்லி ஒரு சொல்லை வெல்ல வைக்க முடியாது. அந்தச் சொல் தன் காலில் நிற்க வேண்டும்.

இனி “பயண” என்ற முன்னொட்டு. எனக்கு உண்மையான தகராறு இதோடுதான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பலின் சிதைவைப் பார்க்கச் சுழியோடிகளைக் கூட்டிப்போகும் படகுக்காரர்கள் கல்லடிப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். படகு விரைந்து ஓடும்போது பெரும்பாலும் எவரும் வாந்தி எடுப்பதில்லை. சிதைவுக்கு மேலே எஞ்சினை நிறுத்தி, படகு ஒரே இடத்தில் நின்று மெதுவாக ஏறி இறங்கும்போதுதான் முகங்கள் வெளிறும். பயணம் நின்ற பிறகு வருவதைப் பயணக் குமட்டல் என்று எப்படி அழைப்பது? மாயத்தோற்றக் கண்ணாடி (VR) போட்டுக்கொண்டு கதிரையில் அசையாமல் உட்கார்ந்து விளையாடுகிற பிள்ளைகளுக்கும் இதே தொல்லை வருகிறது. அங்கே பயணமே கிடையாது.

காரணம் பயணம் அல்ல, அலைவு. அதுவும் மெதுவான அலைவு. ஏறத்தாழ 0.2 ஹேர்ட்ஸ் மீடிறன், அதாவது ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை மேலெழுந்து கீழிறங்கும் அசைவுதான் ஆளை மிக மோசமாகப் பாதிக்கிறது. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: நாங்கள் மீடிறன் என்பதைத்தான் நீங்கள் அதிர்வெண் என்கிறீர்கள்.) செக்கனுக்குப் பல தடவை குலுக்குகிற உழவு இயந்திரப் பெட்டியில் வயல்வழியே போனால் முதுகு வலிக்கும், வயிறு பிரளாது.

> கண்டி பஸ்ஸில் பதினெட்டு வளைவு ஏறும்போது எங்களுக்கு வருவதும் இதுதானே? அதற்கு ஏன் கடற்பெயர்?

அம்பாறை அக்கா கேட்டது சரியான கேள்வி. மகியங்கனை கடந்து பதினெட்டு வளைவில் ஏறும்போது வருவது இதுவேதான். அதனால்தான் “கடல் மயக்கம்”, “கப்பல் கிறுகிறுப்பு” இரண்டையும் ஒதுக்குகிறேன். அந்த வளைவுகளில் சாரதிக்கு மட்டும் ஒன்றும் ஆகாததைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த திருப்பம் எப்போது வரும் என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். முன் இருக்கையில் இருத்துவதும் வீதியைப் பார்க்கச் சொல்வதும் அந்த முன்னறிவில் கொஞ்சத்தைப் பயணிக்கும் கொடுப்பதற்காக.

“குமட்டல்” என்ற பாதியையும் நான் ஏற்கவில்லை. குமட்டல் இந்தத் தொல்லையில் பிந்தித்தான் வருகிறது. அதற்கு முன்னே கொட்டாவி, வாயில் எச்சில் ஊறல், குளிர் வியர்வை, காரணமில்லாத சோர்வு, பேசப் பிடிக்காமை எல்லாம் வந்து போகும். பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால் ‘நித்திரை வருகிறது போல’ என்று தாய் நினைப்பார். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் என்பதால், கவனிக்க வேண்டிய அடையாளம் அந்த அமைதிதான். இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் சினரிசீன் மாத்திரையைப் புறப்பட இரண்டு மணி நேரம் முன்னே எடுக்கச் சொல்வார்கள். குமட்டல் தொடங்கிய பிறகு இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடும். அப்போது விழுங்கும் மாத்திரை உள்ளேயே தேங்கும், இல்லாவிட்டால் வெளியே வந்துவிடும். ஆகவே கடைசிக் கட்டத்தின் பெயரை முழுமைக்கும் சூட்டினால், வாசகர் கடைசிக் கட்டம் வரை காத்திருப்பார்.

நான் முன்வைப்பது “அலைவுக் கிறக்கம்”. பசிக் கிறக்கம், வெயில் கிறக்கம் என்று நம் வீடுகளில் புழங்குகிற கிறக்கம்தான். தலை இலேசாவதையும் உடல் சோர்வதையும் கண் செருகுவதையும் அது சேர்த்துப் பிடிக்கிறது, மயக்கம் போல ‘நினைவிழந்து விழுந்துவிட்டார்’ என்ற அச்சத்தைத் தருவதில்லை. சினிமாப் பாட்டில் கிறக்கம் வேறு என்று ஒருவர் சிரிப்பார், தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும். பாடலாசிரியர்கள் எடுத்துக்கொண்ட சொற்களையெல்லாம் நாம் கைவிட்டால் இதயம் என்ற சொல்லைக்கூட இதயநோய்ப் பிரிவில் எழுத முடியாது.

அடுத்தது, கரையில் இறங்கிய பின் வருவது. பிரெஞ்சில் மால் த தெபார்க்மான், அதாவது ‘இறங்குவதால் வரும் நோய்’ என்கிறார்கள். கடலில் இருந்த நாட்களில் மூளை அலைவுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. கரையில் அலைவு நின்றுவிடுகிறது, பழக்கம் நிற்பதில்லை. நின்றால் தரை ஏறி இறங்குகிறது, படுத்தால் கட்டில் மிதக்கிறது. பெரும்பாலானோருக்குச் சில மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு நாளில் போய்விடும். ஒரு மாதம் கடந்தும் நின்றால் அது தனி நோய்க்குறித் தொகுதி, மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். நடுத்தர வயதுப் பெண்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது, வழிகாட்டிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அலைவுக் கிறக்கம் உள்ளவர் பஸ் ஓட ஓட மோசமாவார். கரையில் இறங்கித் தள்ளாடுகிறவரோ பஸ் ஓடும்போது நன்றாக இருப்பார். பஸ்ஸை நிறுத்தி, தேநீர் குடிக்க இறங்கினால் மறுபடி ஆடுவார். வாகரையில் நிறுத்திய இடத்தில் ஒருவர் தள்ளாடுகிறார் என்று வழக்கமான மாத்திரையைக் கொடுத்தால் ஆட்டம் போகாது, தூக்கம் மட்டும் வரும். பிறகு பாசிக்குடா மணலில் கால் மடியும். அவருக்கு வேண்டியது கொஞ்சம் நடை, தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்ப்பது, படிக்கட்டில் கைபிடி, கண்ணை மூடிக்கொண்டு தலைக்கு நீர் ஊற்றாமல் இருப்பது.

இதற்கு வந்த சொற்களில் “இறங்குநோய்” பிரெஞ்சுச் சொல்லைப் பிய்த்து ஒட்டியது. தமிழில் என்ன இறங்கியது, காய்ச்சலா என்று கேட்கத் தோன்றுகிறது. “தரையாட்டம்” வேண்டவே வேண்டாம். 2004 டிசம்பர் 26 இல் இலங்கையிலேயே மிக அதிகமானோரை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்தக் கரையில் தரை ஆடுகிறது என்று அறிவிப்பு ஒட்டினால் தாளை முழுதாக வாசிக்க எவரும் நிற்க மாட்டார்கள். அதே காரணத்துக்காகத்தான், எனக்குப் பிடித்திருந்தும், “கரையலைவு” என்பதையும் விடுகிறேன். அவசரத்தில் கண் அதைக் கரை, அலை என்று பிரித்துவிடும்.

“கரைத்தளும்பல்” என்பது என் முன்மொழிவு. தூக்கி வந்த குடத்தை இறக்கி வைத்த பிறகும் உள்ளே நீர் சிறிது நேரம் தளும்பிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்தத் தளும்பல். நோய் என்ற மிரட்டல் இல்லை, தானாக அடங்கும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாதக் கணக்கில் நீடிப்பதை “நீள் கரைத்தளும்பல்” என்று மருத்துவர்கள் பிரித்துக்கொள்ளலாம்.

ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

— கல்லடியிலிருந்து

·

அக்காவுக்கு,

கரைத்தளும்பல் எனக்குச் சம்மதம். ஆனால் நாலு மணி நேரம் கப்பலில் வந்தவருக்கும் நாலு நாள் வந்தவருக்கும் ஒரே சொல்தானா? எங்கள் வாழைச்சேனைப் பலநாள் படகுக்காரர் வாரக் கணக்கில் கடலில் நிற்கிறார்கள். அவர்கள் இறங்கியதும் ஆடுவதை எவரும் தொல்லையாகவே எண்ணுவதில்லை. அவர்களுக்கும் இந்தத் தாளைக் கொடுத்துவிட்டு வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்காதீர்கள்.

இன்னொன்று: அலைவுக் கிறக்கத்தில் ‘க்’ வேண்டுமா? சின்ன எழுத்தில் அச்சிட்டால் ஒற்று காணாமல் போகும்.

— சாய்ந்தமருதிலிருந்து

·

நானா,

சொல் ஒன்றுதான். கால அளவைப் பந்தியில் எழுதுகிறேன், “இரண்டு நாளில் அடங்கும், அதுவரை பயம் வேண்டாம்” என்று. பலநாள் படகுக்காரருக்கு இந்தத் தாள் இல்லை, உல்லாசப் பயணிகளுக்குத்தான்.

ஒற்று இருக்கட்டும். எழுத்தைப் பன்னிரண்டு புள்ளியில் போடச் சொல்கிறேன். இடம் போதாவிட்டால் உணவுப் பட்டியலில் ஒரு கறியைக் குறைப்போம்.

— கல்லடியிலிருந்து