பெரிய கடுவனைப் பிடித்துவிட்டால் குரங்குக் கூட்டம் தோப்பை விட்டுப் போகுமா?

கேள்வி:
வணக்கமுங்க. ஆழியாறு அடிவாரத்துல தென்னந்தோப்பு. 30 உருப்படிக்கு மேல நாட்டுக்குரங்கு இறங்கி, குரும்பையும் இளசுமா திருகிப் போடுது. பெரிய கடுவன், ஆண் குரங்கு, ஒண்ணுதான் முன்னால வருது. வனத்துறைகிட்டச் சொல்லி அதை மட்டும் பிடிச்சா மிச்சதெல்லாம் மலையேறிடுமுங்களா?

பதில் 1:
ஏறாதுங்க. கூட்டத்துக்கு ஆணிவேர் மந்திக, அதாவது பெண் குரங்குகதான். பெண்குட்டி பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். ஆண் வளர்ந்ததும் பெரும்பாலும் வேற கூட்டம் தேடிப் போயிடும். எந்த மரம் எப்பக் காய்க்கும், தண்ணி எங்க இருக்கு, எந்தத் தோட்டத்துச் சாளை வீட்டுல நாய் இல்லை, இதெல்லாம் வயசான மந்திகளுக்கு அத்துப்படி. கூட்டத்துல மகளோட அந்தஸ்து தாயோட அந்தஸ்தை ஒட்டித்தான். பெரும்பாலும் இளையவதான் மூத்தவளுக்கு மேல, தாய் கடைக்குட்டி பக்கம் நிக்கிறதால.

நாட்டுக்குரங்குக் கூட்டத்துல வளர்ந்த கடுவன் பல இருக்கும். ஒண்ணைப் பிடிச்சா அடுத்தது மேல வரும், இல்லாட்டி வெளியிலிருந்து ஒண்ணு நுழையும். கொஞ்ச நாள் சண்டை கூடும், அவ்வளவுதான்.

பதில் 2:
இடத்தையும் பாருங்க. காட்டில் அத்திப்பழம், தளிர், பூச்சி எல்லாம் சிதறிக் கிடக்கும். ஆளுக்கொரு பக்கம் மேயும், சண்டை குறைவு. அருவிக்குப் போகும் ரோட்டில் வருகிறவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஒரே இடத்தில் போட்டால், வலுத்தது மறித்து உட்கார்ந்துகொள்ளும். எளியது கன்னப் பையில் அடைத்துக்கொண்டு ஓடும். கடி, கீறல், ஆட்களின் கைப்பையைப் பறிப்பது எல்லாம் அங்கேதான் பெருகுகிறது.

வால்பாறை புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்கும் அப்படித்தான். சோலையின் உச்சிக் கிளையிலேயே வாழ்கிற இனம். தேயிலைக்காகக் காடு துண்டானதால் தரையில் இறங்கி ரோட்டைக் கடக்கிறது, சமையலறைக்குள் வருகிறது. அதற்காகத்தான் ரோட்டுக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். இனம் மாறவில்லை, இடம்தான் மாறியது.

பதில் 3:
முதல்ல யார் வந்தா யார் எழுந்து விலகுதுன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. கூட்டத்தோட வரிசை அதுலதான் தெரியும். கடிச்சுக்கிறதை வெச்சுக் கணக்குப் போட்டாத் தப்பாகும். கண்ணை முறைச்சு வாயைத் திறந்தா மிரட்டல். உதட்டைச் சப்புக்கொட்டினா சமாதானம். சத்தமில்லாம பல்லை இளிச்சா அது பயம், சிரிப்பு இல்லை. நீங்களும் நேருக்கு நேர் முறைக்காதீங்க.

விரட்டுறதா இருந்தா முதல் காயைத் திருகுறதுக்கு முன்னால விரட்டணும். தின்னு முடிச்ச பிறகு வெடி போட்டு என்ன பலன்? வயித்துக்குக் கிடைச்சதுதான் நினைப்புல நிக்கும். வேலியோர மரத்துக் கிளை தென்னமட்டையைத் தொட்டா வெட்டிவிடுங்க. அது தொடுற வரைக்கும் தண்டுல தகரம் அடிச்சும் பிரயோஜனமில்லை. பக்கத்துத் தோப்புக்காரரும் அதே நேரத்துல காவல் நிக்கணும், இல்லாட்டி அங்க போய் உட்கார்ந்துட்டுத் திரும்ப வரும்.

கேட்டவர்:
பாதிக் கூட்டத்தைப் பிடிச்சு வேற காட்டுல விட்டா ஆகாதுங்களா?

பதில் 1:
வேண்டாமுங்க. அந்தக் காட்டுல ஏற்கெனவே இருக்கிற கூட்டம் அடிச்சு விரட்டும். ரோட்டுத் தீனி பழகினது பக்கத்து ஊருக்குத்தான் இறங்கும். இங்க மிச்சமிருக்கிற மந்திக அதே தோப்புல குட்டி போடும். அருவி ரோட்டுல பழம் போடுறதை நிறுத்தச் சொல்லி ஊராட்சியில மனு கொடுங்க, மத்தது பிறகு.